காற்றாலை கேமராவில் ஓயாத பொய் அலாரம்

வணக்கம் சார். கயத்தாறு பக்கம் உங்கள் காற்றாலையில் எர்த்திங் (மின்னலையும் மின்கசிவையும் மண்ணுக்குள் இறக்கும்) செம்புக் கம்பியை வெட்டிக்கொண்டு போனபின் கேமரா வைத்தும், போனுக்கு ஓயாமல் பொய் அலாரம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

காலையும் மாலையும் வருவது இறக்கையின் நிழல். வெயில் சாயும்போது நிழல் நீண்டு தரையில் ஓடும். எந்த அசைவைக் கண்டாலும் அலாரம் தரும் சாதாரண மோஷன் டிடெக்‌ஷனுக்கு அதுவும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். அதை அணைத்துவிட்டு, ஆள், வாகனத்தை மட்டும் கண்டறியும் வசதியை வையுங்கள். ராத்திரி வருவது பெரும்பாலும் பூச்சி. கேமராவிலுள்ள ஐஆர் விளக்கை (இருட்டில் கேமரா பார்க்க உதவும் அகச்சிவப்பு விளக்கு) அணைத்து, தனி ஐஆர் விளக்கை நாலடி தள்ளி மாட்டுங்கள். லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டுவதும் குறையும்.

கேமரா இறக்கையைப் பார்க்க வேண்டியதில்லை. டவர் கதவும் டிரான்ஸ்பார்மர் யார்டும் தெரிந்தால் போதும். கரண்டை வெட்டினாலும் ஓட, பேட்டரி கட்டாயம். டவரிலிருந்து கேமரா கம்பத்துக்குச் செம்பு நெட்வொர்க் கேபிள் வேண்டாம், உலோகம் இல்லாத ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் இழுங்கள். மின்னல் பாய்ச்சல் அதன் வழியே வராது.

அப்புறம், வெட்டுப்பட்ட எர்த்திங்கை இன்னும் மாற்றவில்லை என்றால் கேமரா வேலையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். உள்ளே வேலை பார்ப்பவர் உயிர் விஷயம் சார்.