எத்தனை கிலோ எடுக்கிறீங்க?

அன்புள்ள அக்கா,

உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். தாதியர் பயிற்சியில் கடைசி வருஷத்தில் இருக்கிறேன். ஊர் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டம். மனநலப் பிரிவுக்குப் போக விருப்பம். ஆனால் அம்மா, "இவ்வளவு படிச்சு பைத்தியக்கார வார்டுக்கா போகப் போற? நாளைக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தா என்னான்னு சொல்றது?" என்கிறார். அமெரிக்காவில் என் மாமா மகள் மனநல நர்ஸ் பிரக்டிஷனர். நோயாளியைப் பார்த்து அவரே மருந்தும் எழுதுகிறார். இங்கே இலங்கையில் அப்படி வர வழி உண்டா? நீங்கள் எப்படி இந்தப் பக்கம் வந்தீர்கள்?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

மாமா மகள் அங்கே பதிவுபெற்ற தாதியாகி, அதன்மேல் முதுமாணியோ கலாநிதிப் பட்டமோ முடித்து, தேசிய அளவில் ஒரு பரீட்சையும் எழுதியிருப்பார். சில மாநிலங்களில் தன் பொறுப்பிலேயே மருந்து எழுதலாம், சிலவற்றில் ஒரு டொக்டரோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும். இந்த வேலை பிறந்ததே டொக்டர் தட்டுப்பாட்டில்தான். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். கிராமப்புறப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் போதவில்லை என்பதுதான் அப்போதைய கவலை. அந்தக் கவலைக்கு நம் மலையில் இன்றும் பஞ்சமில்லை. இருந்தும் இங்கே தாதி மருந்து எழுத முடியாது.

இங்கே இருக்கிற வழி, முதலில் உங்கள் மூன்று வருஷப் பயிற்சியை முடிப்பது. நியமனம் வந்ததும் மனநல வார்டைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் போட்டி இருக்காது. சேவையில் இருந்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் படிக்கலாம். சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த மனநலக் கொள்கை, வைத்தியத்தை அங்கொடை மனநல ஆஸ்பத்திரியிலிருந்து மாவட்டங்களுக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோகச் சொன்னது. சமூக மனநலத் தாதி என்ற வேலை அந்தத் திட்டத்தில் முக்கியமானது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கே போய்ப் பார்க்கிற வேலை. என்னைக் கேட்டால் நீங்கள் குறி வைக்க வேண்டியது அதைத்தான்.

நான் வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பயிற்சிக் காலத்தில் சத்திரசிகிச்சை வார்டில் இருந்தேன். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்த ஒருவர் வந்திருந்தார். முதல் நாள் நல்லபடியாகப் பேசினார். மூன்றாம் நாள் ராத்திரி சேலைனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, போர்வையில் எதையோ பொறுக்க ஆரம்பித்துவிட்டார். கை நடுக்கம், உடம்பெல்லாம் வியர்வை. அந்த நேரம் வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் மட்டும்தான், அதனால் கூப்பிட்டார்கள். "தங்கச்சி, இந்த அட்டையப் புடுங்கிப் போடும்மா, கட்டில் முழுக்க அட்டை" என்றார். மனைவி, மலையில் முனி அடித்துவிட்டது, பேயோட்டுகிற கோடாங்கியிடம் கொண்டுபோக வேண்டும், வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிக் கொடுங்கள் என்று அழுதார். வார்டில் கையைக் கட்டிப்போட்டார்கள்.

மனநலப் பிரிவிலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். சிங்களவர். கட்டிலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மனைவியிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: கடைசியாக எப்போது குடித்தார்? விழுந்த அன்றைக்குக் காலையில், கசிப்பு என்கிற கள்ளச்சாராயம். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படி வரும், விட்டால் உயிரே போகலாம் என்று சிஸ்டர் விளக்கினார். டயசிபாமும் வைட்டமின் பி1 ஊசியும் ஏறின. சில நாட்களில் அவர் தன் மகளின் பரீட்சையைப் பற்றி என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். வார்டே பேய் என்று பயந்ததை ஒரே கேள்வியில் அவிழ்த்தாரே, அந்தக் கேள்வி கேட்கிற ஆளாக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. கோடாங்கியிடம் போகாதீர்கள் என்று அந்த சிஸ்டர் சொல்லவேயில்லை. கால் கூடியதும் போங்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றார். அதை நானும் பிடித்துக்கொண்டேன்.

வார்டைவிடக் கஷ்டமான இடம் கிளினிக். அங்கேதான் நீங்கள் தோட்டத்துப் பிள்ளை என்பது உதவும். மாதம் ஒரு ஊசி போடுகிற நோயாளிகள் இருப்பார்கள். ஃப்ளூபெனசின் ஊசி மனச்சிதைவு உள்ளவர்களைப் பல வருஷம் நிம்மதியாக வைத்திருக்கும். ஆனால் சிலருக்குக் கை விறைக்கும், விரல் மெதுவாகும். "விறைப்பு இருக்கா?" என்று கேட்டால் "இல்ல மிஸ்" என்றுதான் பதில் வரும். நான் "இப்ப எத்தனை கிலோ எடுக்கிறீங்க?" என்று கேட்பேன். ஒரு நாளில் பறிக்கிற கொழுந்தின் கணக்கு அது. ஒரு அக்கா, போன மாதத்தைவிட ஐந்தாறு கிலோ குறைவு, கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போடுகிறார் என்றார். விரல் ஓடவில்லை, கொழுந்து குறைகிறது, பேர் போகிறது, அடுத்த மாதம் ஊசிக்கு வரமாட்டார். டொக்டரிடம் சொல்லி ஊசியின் அளவைக் குறைத்து, விறைப்பைக் குறைக்கிற பென்செக்சோல் மாத்திரையும் சேர்த்தார்கள். தொடர்ந்து வந்தார்.

இன்னொன்று. நன்றாக இருக்கிற நோயாளியும் அதே மாத்திரையை மறுபடி எழுதி வாங்க விடியுமுன்னே மலை இறங்கி, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து மத்தியானம்வரை உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குப் பேர் இல்லை. துணைக்கு வந்தவருக்கும் இல்லை. ஆறு மாதம் இப்படி அலைந்தபின் வீட்டில், "அதான் நல்லா இருக்கானே, இனி எதுக்கு?" என்று நிறுத்திவிடுவார்கள். பிறகு அவர் திரும்ப வருவது வார்டுக்குத்தான். டொக்டர் முடிவு செய்த மருந்தைத் தொடர்ந்து எழுதும் உரிமையாவது பயிற்சி பெற்ற தாதிக்குத் தந்தால் இந்த அலைச்சல் பாதி குறையும். மருத்துவச் சங்கங்கள் கோபிக்கலாம், கோபிக்கட்டும். நம் மனநோய்ச் சட்டத்தின் வேர் 1873இல் இருக்கிறது. நம் நாட்டின் முதல் தேயிலைத் தோட்டத்தை லூல்கந்துரையில் நட்டு ஆறே வருஷத்தில் வந்த சட்டம். தாதி மருந்து எழுதுவதைப் பற்றிப் பேச இனியும் எவ்வளவு காலம் வேண்டும்?

அதுவரை உங்கள் கூட்டாளி தோட்டத்துக்கு வருகிற மிட்வைஃப் மிஸ். எந்தக் காம்பராவில் பிள்ளை பெற்ற பெண் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். 1926 என்ற மனநல உதவி எண்ணை அவரிடமும் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் எழுதிக் கொடுங்கள். சிங்களத்தை வாசிக்கவும் எழுதவும் பழகுங்கள். பேச்சு மட்டும் போதாது.

அம்மாவின் கல்யாணக் கவலைக்கு வருகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இந்த வார்டைப் பற்றி முணுமுணுப்பு இருந்தது. தேத்தண்ணி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் பெரியம்மா என்னை அடுப்படிப் பக்கம் கூட்டிப்போய், தனக்கு மாதக்கணக்காகத் தூக்கம் இல்லை, யாருக்கும் தெரியாமல் எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டார். புதன்கிழமை என்றேன். சம்மதம் சொல்லி அனுப்பியதும் அவர்தான்.

அன்புடன்,
அக்கா