டைரக்ட் டெபிட்ல கூடுதலா போன கேஸ், கரண்ட் பணத்த திரும்ப வாங்கலாமா?

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிருதேன், பின்னால படிக்க வாரவங்களுக்கும் புரியணும்லா. அம்பாசமுத்திரத்து தம்பி ஒருத்தர் குடும்பத்தோட மான்செஸ்டர்ல இருக்காரு. கேஸ், கரண்ட் ரெண்டுக்கும் சேத்து மாசம் 165 பவுண்டு டைரக்ட் டெபிட்ல, அதாவது பேங்க்ல இருந்து கம்பெனியே மாசாமாசம் தானா எடுத்துக்கிற மொறைல, போவுது. இப்ப அக்டோபர்ல கணக்க தொறந்து பாத்தா 430 பவுண்டு கிரெடிட்னு காட்டுது, அதாவது கூடுதலா கட்டி கம்பெனிகிட்ட நிக்கிற பணம். டெபிட்ட கேன்சல் பண்ணிட்டு பில் வர வர நாமளே கட்டிருவோமா, இல்ல பேங்க்ல சொல்லி பணத்த திருப்பி எடுத்துருவோமான்னு கேக்காரு. இதுபோக ஊர் வீட்டு ஈபி பில் ஆட்டோபேல ஒரு தடவ, அவங்க அப்பா கட்டுனதுல ஒரு தடவன்னு ரெண்டு தடவ போயிருக்காம்.

நான் பாளையங்கோட்டைல இருக்கேன், பேங்க்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவ. பேங்க்ல தானா பணம் கழியுற பழைய ஈசிஎஸ் காலத்துல இருந்து இந்த மேண்டேட் (பணத்த எடுத்துக்கன்னு நாம குடுக்கற அனுமதி) சங்கதியெல்லாம் பாத்தாச்சு. மக லீட்ஸ்ல இருக்கா, அவ வீட்டு எனர்ஜி பில்லயும் வீடியோ கால்ல உக்காந்து நான்தான் பாத்து குடுக்கேன், அதனால ரெண்டு பக்கத்து நடைமுறையும் ஓரளவு அத்துபடி.

தம்பி, மொதல்ல ஒண்ணு, டைரக்ட் டெபிட்ட கேன்சல் பண்ணாதீங்க. கேன்சல் பண்ணா அந்த 430 தானா உங்க பேங்குக்கு வந்துராது, அது கம்பெனி கணக்குலதான் கெடக்கும். அதுமில்லாம யூகேல ஆஃப்ஜெம்னு கேஸ், கரண்ட் கம்பெனிகள கண்காணிக்கிற ஒரு ஆணையம் இருக்குல்லா, அவங்க வைக்கிற பிரைஸ் கேப்லயே (ரேட்டுக்கு உச்ச வரம்பு) டைரக்ட் டெபிட்டுக்கு ஒரு ரேட்டு, பில் வந்தப்புறம் கட்டுறவங்களுக்கு அதவிட கூடுதலா ஒரு ரேட்டு. கோவத்துல கேன்சல் பண்ணிட்டு குளிர்காலம் பூரா கூடுதல் ரேட்டு குடுக்கணுமா? வேண்டாம்.

பேங்க்ல சொல்லி திருப்பி எடுக்கிறதும் இதுக்கு சரி வராது. டைரக்ட் டெபிட் கியாரண்டின்னு ஒண்ணு இருக்கு, உண்மையிலயே நல்ல பாதுகாப்பு அது. தப்பான தொகைய எடுத்தாலோ, தப்பான தேதில எடுத்தாலோ, முன்கூட்டியே சொல்லாம தொகைய ஏத்துனாலோ பேங்க் உடனே முழுப் பணத்தையும் திருப்பிக் குடுக்கணும். ஆனா உங்க விஷயத்துல மாசம் 165ன்னு சொல்லிட்டு 165தான் எடுத்துருக்காங்க, அது பேங்க் கணக்குப்படி தப்பு கெடையாது. நீங்க அத இழுத்தா கம்பெனி அத பாக்கின்னு போட்டு திரும்ப உங்ககிட்டயே கேப்பாங்க.

இப்ப அந்த 430 எப்படி சேந்துச்சுன்னு பாப்போம். வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னு ஒரு மதிப்பு போட்டு அத 12ஆ வகுத்துதான் மாசாமாசம் எடுக்காங்க. நம்ம ஊர்ல சித்திரை வைகாசில ஏசி, ஃபேன்னு பில் எகிறும், ஆனி ஆடில குற்றாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சா இங்கயும் காத்து மாறி பில்லு எறங்கிரும். அங்க அப்படியே தலகீழ். கோடைல ஹீட்டர் ஓடாது, கேஸ் செலவு சமையலுக்கும் சுடுதண்ணிக்கும் மட்டும்தான், ஆனா 165 போய்க்கிட்டே இருக்கும், அது சேந்து அக்டோபர்ல உச்சத்துல நிக்கும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஹீட்டர் அத தின்னு தீத்துரும். அதனால அக்டோபர்ல ரெண்டு ரெண்டரை மாசத்து பணம் கிரெடிட்ல இருக்கறத பாத்து உடனே ஏமாத்துதாங்கன்னு நெனைக்காண்டாம், அதுல பெரும்பங்கு உங்க ஜனவரி மாசத்து பில்லுதான். இதே 430 ஏப்ரல்லயும் நின்னுச்சுன்னா அது வேற கத, அப்ப முழுசா கேட்டு வாங்கணும், மாசத் தொகையையும் கொறைக்கச் சொல்லணும்.

அப்ப இப்ப ஒண்ணும் பண்ணாண்டாமான்னா, பண்ணணும். ஏன்னா 165ங்கிறது சரியான தொகையான்னே நமக்கு இன்னும் தெரியாது. கடைசி 12 மாசத்துல எத்தன யூனிட் ஓடுச்சுன்னு கேஸுக்கு தனி, கரண்டுக்கு தனியா எடுங்க (பணத்த பாக்காதீங்க, யூனிட்ட பாருங்க, ரேட்டு 3 மாசத்துக்கு ஒரு தடவ மாறுது). அத இப்பத்த ரேட்டால பெருக்கி, தெனசரி ஸ்டாண்டிங் சார்ஜ (யூனிட் ஓடுனாலும் ஓடலன்னாலும் நாளுக்கு இவ்வளவுன்னு போடுற கட்டணம்) 365ஆல பெருக்கி கூட்டி, 12ஆ வகுங்க. 135, 140ன்னு வந்துச்சுன்னா 165 நெசமாவே கூடுதல், கம்பெனிகிட்ட இந்த கணக்க காட்டியே பேசலாம்.

ஆனா அதுக்கும் முன்னாடி ரீடிங். இத நான் அழுத்தி சொல்லுதேன், ஏன்னா எங்க வீட்டு அனுபவமே அதான். பில்லுல ரீடிங் பக்கத்துல எஸ்டிமேட்டட்னு போட்டுருந்தா அது அவங்களா ஊகிச்சு போட்டது. ஊகம் கொறைவா இருந்தா உங்க 430 கிரெடிட்டே பொய்க் கிரெடிட், வாங்கி செலவழிச்சப்புறம் ஒருநா நெச ரீடிங் ஏறும்போது மொத்தமா பாக்கி நிக்கும். ஸ்மார்ட் மீட்டர்தான் இருக்கேன்னு விட்டுராதீங்க, பழைய மாடல் ஸ்மார்ட் மீட்டர்ல சிலது கம்பெனி மாறுனதும் ரீடிங் அனுப்புறத நிப்பாட்டிரும். மீட்டர் பெட்டிய தொறந்து கேஸ், கரண்ட் ரெண்டையும் போட்டோ எடுத்து, மீட்டர் மேல இருக்குற சீரியல் நம்பரும் பில்லுல இருக்குறதும் ஒண்ணுதானான்னு பாத்துட்டு ரீடிங்க ஏத்துங்க.

மக புது வீட்டுக்கு போனப்ப கேஸ் பில் மட்டும் நம்பவே முடியாத அளவுக்கு வந்துச்சு. ஹீட்டர கொறச்சா, பிள்ளைக்கு ரெண்டு ஸ்வெட்டர மாட்டிவிட்டா, அப்பயும் கொறையல. அங்க கேஸ் மீட்டர்ல ரெண்டு வக உண்டு, புதுசு கன மீட்டர்ல ஓடும், பழசு நூறு கன அடிய ஒண்ணா எண்ணும். பழைய மீட்டரோட ஒரு எண்ணு 2.83 கன மீட்டருக்கு சமம். அவ வீட்டுல இருந்தது புது மீட்டர், கம்பெனி ரெக்கார்டுல பழசுன்னு பதிஞ்சிருந்தாங்க, அதனால ஓடுன கேஸுக்கு கிட்டத்தட்ட மூணு மடங்கு பில் போயிருக்கு. மீட்டர் போட்டோல எம்3ன்னு, அதாவது கன மீட்டர்னு, எழுதியிருந்தத பாத்துதான் பிடிச்சோம். அந்த போட்டோவ அனுப்பி, எழுத்துல கம்ப்ளைன்ட் குடுத்ததும் பழைய பில்லெல்லாம் திருத்திக் குடுத்தாங்க. ஒரு கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு குளிர்ல பயந்து பயந்து ஹீட்டர் போட்டுருக்கா, அத நெனச்சா இன்னும் மனசு ஆறல. நீங்களும் பாத்துக்கோங்க, கன மீட்டர் ஒண்ணுக்கு பில்லுல சுமாரா 11 யூனிட் வரணும், 31, 32ன்னு வந்தா இதே கோளாறுதான்.

ரீடிங் சரியாகி, அப்பறமும் கிரெடிட் கூடுதலா இருந்தா தைரியமா கேளுங்க, அது உங்க பணம். கேட்டா குடுக்கணும், குடுக்க முடியாதுன்னா அதுக்கு நியாயமான காரணம் சொல்லணும், மாசத் தொகைய எந்த கணக்குல வச்சாங்கன்னும் வெளக்கணும், கம்பெனிகளுக்கு ஆஃப்ஜெம் குடுக்கற லைசென்ஸ் விதியே அப்படித்தான் இருக்கு. நானா இருந்தா இப்ப முழு 430யும் கேக்க மாட்டேன். மாசத் தொகைய கணக்குப்படி கொறைக்கச் சொல்லிட்டு, ஒரு நூறு நூத்தம்பது மட்டும் திருப்பிக் கேட்டு, மிச்சத்த குளிர்காலத்துக்கு விட்டுருவேன். ஆனா உங்களுக்கு கிரெடிட் கார்டு கடன் கிடன் வட்டி ஏறிக்கிட்டு இருந்தா முழுசா கேக்கறதுலயும் தப்பில்ல, டிசம்பர் ஜனவரில கூடுதலா கட்டத் தயாரா இருந்துக்கோங்க.

போன்ல பேசுனாலும் பின்னால ஒரு மெயில் போட்டுருங்க, அதுல கம்ப்ளைன்ட்டுங்கிற வார்த்தைய கண்டிப்பா போடணும், அன்னைல இருந்துதான் நாள் எண்ணுவாங்க. 8 வாரத்துல தீரலன்னா எனர்ஜி ஆம்புட்ஸ்மேன்கிட்ட (கம்பெனிய சேராத குறைதீர்ப்பு அமைப்பு) போகலாம், காசு கெடையாது, அவங்க தீர்ப்ப நீங்க ஏத்துக்கிட்டா கம்பெனி அதுக்கு கட்டுப்படணும். எப்படி எழுதணும்னு தெரியலன்னா சிட்டிசன்ஸ் அட்வைஸ்னு அங்க பொதுமக்களுக்கு ஆலோசனை சொல்ற அமைப்பு இருக்கு, அதுல கேட்டா சொல்லிக் குடுப்பாங்க, அதுவும் இலவசம். இன்னொரு பயம் சில பேருக்கு உண்டு, கம்பெனி திவாலாயிட்டா கிரெடிட் என்னாகும்னு. வீட்டு கனெக்சனுக்கு அந்த பணம் போகாது, ஆஃப்ஜெம் வேற கம்பெனிக்கு மாத்திவிடும், கிரெடிட்டும் பின்னாலயே வந்துரும்.

வீடு மாறும்போதுதான் நம்ம ஆட்கள் நெறைய பேரு பணத்த விட்டுட்டு வாராங்க. சாவி குடுக்கற அன்னைக்கு ரெண்டு மீட்டரையும் போட்டோ எடுத்து ரீடிங் குடுத்து, புது அட்ரஸும் குடுங்க. 6 வாரத்துல கடைசி பில் வரணும், அதுல இருந்து 10 வேலை நாளுக்குள்ள மிச்சப் பணம் வரணும், தாமதமானா நஷ்டஈடும் உண்டு. கடைசி பில் வாற வரைக்கும் அந்த பேங்க் அக்கவுண்ட்ட மூடிறாதீங்க. ஊருக்கே திரும்புறவங்க இத ரொம்ப கவனிக்கணும்.

இனி உங்க ஊர் வீட்டு ஈபி. ரெண்டு தடவ போன பணம் எங்கயும் போகல, சர்வீஸ் நம்பர்ல வரவா நின்னு அடுத்த பில்லுல கழிஞ்சிரும். அப்பாவ ரெண்டு ரசீதையும் எடுத்துக்கிட்டு செக்சன் ஆபீஸ்ல ஒருக்க காட்டி, வரவு ஏறியிருக்கான்னு பாத்துட்டு வரச் சொல்லுங்க. ஏறலன்னா 94987 94987, ஈபியோட புகார் மையமான மின்னகம் நம்பர், அங்க புகார் பதியலாம். பணம் கூடப் போனது மட்டுமில்லாம பில்லே தப்புன்னா மின்சாரச் சட்டம் 2003ல 62(6)வது பிரிவு இருக்கு, கட்டணத்துக்கு மேல வாங்குன பணத்த வட்டியோட திருப்பிக் கேக்கலாம். மின் பகிர்மான வட்ட அளவுல நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கு, அதுக்கு மேல சென்னைல மின் குறைதீர்ப்பாளர்.

ஊர் வீட்டுக்கு ஆட்டோபே தேவையான்னு கேட்டா, அப்பா நடமாட்டமா இருக்கற வரைக்கும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கதான் கணக்கெடுக்காங்க, கட்ட 20 நாள் டைம் இருக்கு, ரீடிங் எடுக்க ஆள் வரத் தாமதமாயி நாள் கூடிப்போனா யூனிட் 500 தாண்டி கீழ் ஸ்லாபுக்கும் சேத்து ரேட்டு ஏறிரும், அத பணம் கட்டும் முன்னாடி மனுசக் கண்ணு ஒண்ணு பாக்கணும். இல்ல ஆட்டோபேதான் வேணும்னா, மேண்டேட்ல உச்ச வரம்ப வழக்கமான பில்லுக்கு கொஞ்சம் மேல மட்டும் வைங்க, பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னால பேங்க்ல இருந்து மெசேஜ் வரும், அது வந்ததும் அப்பாவுக்கு போன போட்டு இந்த தடவ நீங்க கட்டாண்டாம்னு சொல்லிருங்க.