கேம், அனிமே என்று இருப்பதால் வாழ்க்கையில் ஏதாவது பயன் உண்டா?

வீட்டில் திட்டு வாங்கிய கையோடு கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் வாங்கியவன், அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி வகையறாவை நான் ஆதரிக்கவில்லை. அதை 2025 ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. அதையும் இதையும் ஒன்றாக்கிக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு சின்ன கம்பெனியில் சிஎன்சி லேத், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் மெஷின், ஓட்டினேன். அப்போது நண்பன் அறையில் ஆடியதுதான் செகிரோ, 2019-இல் வந்த வாள்சண்டை கேம். ஈசி, ஹார்ட் என்று தேர்ந்தெடுக்கும் வசதியே அதில் கிடையாது. சாதாரணமாகத் தடுத்தால் நிற்காத அடி வரும்போது திரையில் சிவப்பாக ஓர் எழுத்து மின்னும். குத்து வந்தாலும் அதே எழுத்து, காலை வாரும் வெட்டு வந்தாலும் அதே எழுத்து. குத்துக்கு முன்னால் பாய்ந்து வாளை மிதிக்க வேண்டும், வெட்டுக்குக் குதிக்க வேண்டும். எழுத்தைப் பார்த்துப் பதறினால் செத்தோம். எதிரியின் தோளும் வாள் முனையும் எப்படித் திரும்புகின்றன என்று பார்த்தால்தான் பிழைக்கலாம்.

லேத்திலும் அப்படித்தான். செய்யும் பொருள், அதாவது ஜாப், அளவு தவறினால் சைஸ் அவுட் என்போம்; பெயர் ஒன்று, காரணம் பல. வெளிவிட்டம் ஜாப்புக்கு ஜாப் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் டூலின் வெட்டும் முனையான இன்சர்ட் தேய்கிறது. காலை ஷிப்டில் முதல் சில ஜாப் மட்டும் விலகி, அப்புறம் நிலைத்தால் மெஷின் இன்னும் சூடாகவில்லை. எங்கள் ஷாப்பில் எதுவானாலும் உடனே ஆப்செட்டை, அதாவது மெஷினில் பதிந்த டூல் அளவுத் திருத்தத்தை, மாற்றுவார்கள். ஒரு நாள் நான் அதைத் தொடாமல், மைக்ரோமீட்டரில் வரிசையாக அளந்து நோட்டில் எழுதினேன். ஒன்று கூட, அடுத்தது குறைய என்று தாறுமாறாக வந்தது. மெஷினை நிறுத்தி டூலைத் தொட்டால், இன்சர்ட்டைப் பிடிக்கும் ஸ்குரூ தளர்ந்து விரல் பட்டதுமே ஆடியது. “எப்படிப்பா கண்டுபிடிச்ச?” என்றார் சூப்பர்வைசர் அண்ணன். கேம் கதையைச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் வேலைக்கு என்னையும் கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

அனிமே எல்லாம் பஸ்ஸில்தான். எங்கள் மாவட்டத் தலைநகரமான கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் இல்லை, அதனால் வேலைக்குப் போக வர பஸ்தான். ஹைக்யூ என்ற ஜப்பானிய வாலிபால் கார்ட்டூன் தொடரில் ஹினாட்டா என்ற பையன் அழைப்பே இல்லாத வாலிபால் முகாமுக்குப் போய், பந்து பொறுக்கிப் போட்டபடியே மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வான். அதைப் பார்த்த பிறகுதான் ஷிப்ட் முடிந்தும் மெஷின் செட்டிங் செய்யும் செட்டர் பக்கத்தில் போய் நிற்க எனக்குக் கூச்சம் போனது.

நீங்கள் என்ன ஆடுகிறீர்கள் என்று எழுதவில்லை. தோற்ற ஆட்டத்தில் எதனால் தோற்றீர்கள் என்று உங்களால் சொல்ல முடிந்தால் வீட்டில் தைரியமாகப் பேசுங்கள். ராத்திரி முழுக்க ஆடிவிட்டு மட்டும் காலை ஷிப்டுக்குப் போகாதீர்கள். ஜாப்பைப் பிடித்துச் சுழலும் சக்குக்கு முன்னால் கண் சொருகினால் விரல் போய்விடும்.