கலப்பெண் (√−1 கலந்த எண்): ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரிடம் கேட்டவை

கேள்வி: எந்த எண்ணைத் தன்னோடு பெருக்கினாலும் மைனஸ் வராது. அப்புறம் √−1 எதற்கு, சார்?

பதில்: ஒரு கணக்கு. ஓர் எண்ணின் கனம், அதன் 15 மடங்கோடு 4 சேர்த்ததற்குச் சமம். எண் எது? 4. சரிபாருங்கள்: 64 = 60 + 4. ஆனால் இத்தகைய கணக்குகளுக்கு இத்தாலியக் கணிதர் கார்டானோ 1545இல் வெளியிட்ட சூத்திரமோ 2 + √−121, 2 − √−121 இரண்டின் கனமூலங்களையும் கூட்டச் சொல்கிறது! விடை கண்ணெதிரே இருக்க, வழி அடைபட்டு நிற்கிறது. 1572இல் இன்னோர் இத்தாலியக் கணிதர் பொம்பெல்லி துணிந்து பெருக்கிப் பார்த்தார். 2 + √−1 ஐ வர்க்கப்படுத்தினால் 3 + 4√−1. மறுபடி 2 + √−1 ஆல் பெருக்கினால் 2 + 11√−1. அது 2 + √−121 தானே? ஆக, கனமூலங்கள் 2 + √−1, 2 − √−1. கூட்டுங்கள்: 4. அந்த இடத்தை வகுப்பில் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: √−4 × √−9 = √36 = 6 சரியா?

பதில்: தப்பு. 2√−1 × 3√−1 = −6. இரண்டு மைனஸ் எண்களை ஒரே வர்க்கமூலக் குறிக்குள் சேர்க்காதீர்கள். முதலில் √−1 ஐ வெளியே எடுங்கள்.

கேள்வி: (3 + 2√−1) ÷ (1 − √−1)?

பதில்: மேலும் கீழும் 1 + √−1 ஆல், அதாவது கீழே உள்ளதன் இணையால் (√−1 இன் முன்குறியை மட்டும் மாற்றிய எண்ணால்), பெருக்குங்கள். மேலே 1 + 5√−1, கீழே 2.

கேள்வி: ஏசி மின்சுற்றில் இதை எப்படிப் போடுவது?

பதில்: மின்னியல் ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: என்ன சொன்னாலும் இது கற்பனை எண்தானே?

பதில்: அந்தப் பெயர் 1637இல் பிரெஞ்சு அறிஞர் டெகார்த்தே வைத்தது, இன்றுவரை பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது. நில அளவையாளர் வெஸ்ஸல் 1797இல் இதைத் தளத்தில் வரைந்தே காட்டினார். √−1 ஆல் பெருக்குவது 90 பாகை திருப்புவது. இருமுறை திருப்பினால் எதிர்ப்பக்கம், அதுதான் −1. இதில் கற்பனை எங்கே?

கேள்வி: படம் போட்டால் எண்ணாகிவிடுமா? எண் என்றால் பெரிது சிறிது வேண்டும். √−1 பூஜ்யத்தைவிடப் பெரியதா?

பதில்: நல்ல கேள்வி, விடாதீர்கள். பெரியது என்று வையுங்கள். இருபுறமும் √−1 ஆல் பெருக்கினால் −1 பூஜ்யத்தைவிடப் பெரிதாகிறது. சிறியது என்றாலோ, பெருக்கும்போது குறி திரும்பி அதே அபத்தம்தான் வரும். ஆகவே பெரிது சிறிது இங்கே கிடையாது. கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் பிசகாமல் நடக்கின்றன. எண் என்று சொல்ல எனக்கு அது போதும்.

கேள்வி: சார், √−2 × √−8 = 4 தானே?

பதில்: −4. √−4 கேள்விக்குச் சொன்ன பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.