பத்திரத்தில் வரும் ‘காம்பவுண்டு’ கலவை இல்லை

‘கலவை’யை அடித்துவிட்டு ‘சுற்றுச்சுவருடன் கூடிய வளாகம்’ என்று எழுதுங்கள். காட்பாடி வீட்டுப் பத்திரத்தின் ஆங்கில வாசகத்தைப் போனில் மொழிபெயர்க்கப் போட்டபோது, ‘காம்பவுண்டு’ (compound) என்ற சொல் ‘கலவை’யாகி ‘வீடும் கலவையும்’ என்று வந்தது எனக் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்து ஆட்கள் அதைப் படித்தால் ஆற்காட்டைத் தாண்டி இருக்கும் கலவை ஊரிலும் உங்களுக்குச் சொத்து இருக்கிறது என்று நினைப்பார்கள்!

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு வெவ்வேறு சொற்கள் இருப்பதுதான் காரணமாக இருக்கும். சேர்மம், கூட்டுவட்டி ஆகியவற்றைக் குறிக்கும் ‘காம்பவுண்டு’, மருந்து கலக்கும் ‘காம்பவுண்டர்’ எல்லாம் ‘சேர்த்து வைத்தல்’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தவை. வீட்டுக் காம்பவுண்டுக்கும் அதற்கும் உறவே இல்லை. அது மலாய் மொழியின் ‘கம்போங்’, அதாவது அடைப்பு, சிற்றூர். போர்ச்சுகீசியர் அல்லது டச்சுக்காரர் வாய்வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்பதே பெரும்பாலான அகராதிகளின் கருத்து. இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்காக 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் மலாய்ப் பக்கமே சாய்கிறது.

சரி, இதைப் பாருங்கள்: பத்திரத்தில் ‘காம்பவுண்டு’ என்பதை அடுத்து ‘வால்’ (wall) என்று இருந்தால் சுவர் மட்டும்தான். தனியாக இருந்தால், சுவருக்குள் அடங்கிய காலி இடமும் சேர்த்தி. அப்புறம் நான்கெல்லை விவரத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று, அடமானப் பத்திரமாக இருந்தால் வட்டி வரும் வரியில் இதே சொல் கூட்டுவட்டியைக் குறிக்கும். மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். பதிவுக்குக் கொடுப்பதற்கு முன் பத்திர எழுத்தரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.