பாப்பில்லரி தசை சுருங்கினால் மைட்ரல் வால்வு திறக்க வேண்டாமா?

திறக்காது. மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடது மேலறைக்கும் (ஏட்ரியம்) இடது கீழறைக்கும் (வென்ட்ரிக்கிள்) நடுவில் உள்ள ஒருவழிக் கதவு. பாப்பில்லரி தசை கீழறைச் சுவரில் இருக்கிறது; நாண்கள் என்ற மெல்லிய இழைகள் அதை வால்வின் இதழ்களோடு இணைக்கின்றன. நீங்கள் கேட்ட அந்தத் தசை வால்வை இழுத்துத் திறப்பதே இல்லை. திறப்பதும் மூடுவதும் இரு பக்க ரத்த அழுத்த வித்தியாசம்தான். இடது வென்ட்ரிக்கிள் சுருங்கியதும் உள்ளே அழுத்தம் ஏறி இதழ்கள் மூடுகின்றன. கூடவே பாப்பில்லரி தசையும் சுருங்கி, நாண்களை இறுக்கி, இதழ்கள் ஏட்ரியத்துக்குள் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

குழப்பம் பாடப்புத்தகப் படத்தால் வந்திருக்கலாம். அதில் நாண்கள் கதவை இழுக்கும் கயிறு மாதிரியே தெரியும்.

சரி, இடது கீழறையிலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாயிலில் உள்ள அயோர்ட்டிக் வால்வை வைத்துச் சரிபாருங்கள். அதற்கு நாணும் இல்லை, தசையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூடுகிறது.

அதற்காக அந்தத் தசையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். மாரடைப்பில் அது கிழிந்தால் ரத்தம் பின்னோக்கிப் பாய்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.