கெலி மீன் முட்டை வெளுத்துப் போவது: விந்தைத் தண்ணீரில் கரைக்காதீர்கள்

கையால் கருவூட்டிய கெலி (கெளுத்தி) மீன் முட்டைகள் பொரிக்காமல் வெளுத்துப் போகின்றன, விந்து கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். விந்து கெட்டதல்ல, முட்டையைத் தொடும் முன்பே ஓடி முடித்துவிட்டது. விந்தகத்தை நசுக்கித் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிஷம் கழித்து ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான்.

மீனின் உடலுக்குள் விந்தணு அசையாமல் கிடக்கும். நன்னீர் பட்டதும் சுற்றியுள்ள உப்பு அடர்த்தி சட்டென்று இறங்குகிறது. கெண்டையில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள்: பொட்டாசியம் அயனி வெளியேறி, சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே நுழைய, வால் துடிக்கும். கையிருப்புச் சக்தி ஒரு நிமிஷம் தாங்கினாலே பெரிது. கெலிக்கும் இதே அவசரம்தான்.

ஃபார்மசியில் 0.9% சலைன் (உப்பு நீர்) வாங்கி அதில் கரையுங்கள், விந்தணு அசையாமல் இருக்கும். கத்தி, தட்டு எதிலும் ஈரம் கூடாது. உங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் தெரிந்த வாத்தியார் யாராவது பள்ளி மைக்ராஸ்கோப்பைக் காட்டினால் அந்தக் கலவையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். விந்தணு சும்மா கிடக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும் மொய்த்துத் துடிக்க வேண்டும். சரி என்றால், சலைன் கலவையை முட்டையோடு பிசறி, அப்புறம்தான் தண்ணீர்.

துடிப்பு நன்றாக இருந்தும் முட்டை வெளுத்தால், பெண் மீனுக்கு முட்டை முதிர ஊசி போட்ட நேரத்தைப் பாருங்கள். முட்டை முற்றிப் போயிருக்கலாம். சால்மன் வீடியோக்களை நம்பிப் பொட்டாசியம் சேர்க்க வேண்டாம், அந்த மீனின் கணக்கு வேறு.